அறிவித்தலின் கடைசிப் பெயர்

"அம்மா, ஆருமில்லாத ஆள் செத்தால் அந்தப் பச்சைப் பட்டனை ஆர் அமத்திறது?"

ஆறு வயதில் ஜதுர்ஷிகா கேட்ட கேள்வி இது. பெரியப்பாவின் இறுதிக்கிரியை முடிந்து, தகனசாலை வாசலில் எல்லோரும் மழைக்குக் குடை விரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். லண்டனில் கொள்ளி வைப்பது என்றால் ஒரு பட்டனை அழுத்துவதுதான். மூத்த மகன் அழுத்துவார். திரை மூடிக்கொள்ளும். பெட்டி அந்தப் பக்கம் போய்விடும். மகன் இல்லாவிட்டால் மருமகன், அவரும் இல்லாவிட்டால் பெறாமகன், அதாவது அண்ணன் தம்பியின் மகன். ஒருவருமே இல்லாவிட்டால்? தாய் கனகாம்பிகை யோசித்துப் பார்த்தார். அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லையே என்பது அவரைப் பல நாள் உறங்கவிடவில்லை.

அந்தக் கேள்வியை, கனகாம்பிகை வேலைசெய்த டிவி நிறுவனத்தைப் பொறுப்பேற்க வந்த ஸ்ரீஸ்கந்தராஜா பல வருடம் கழித்து, ஜதுர்ஷிகா பல்கலைக்கழகம் போன பிறகுதான் கேள்விப்பட்டார். கேள்விப்பட்டபோது அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

"பிள்ளையள் கேக்கிற கேள்விக்கெல்லாம் சனல் நடத்தேலாது," என்றார்.

கிங்ஸ்பரியில் ஒரு வெதுப்பகத்துக்கு மேல்மாடியில் இருந்தது கடலோசை டிவி. அறை முழுவதும் கீழிருந்து வரும் பணிஸ் வாசனை. கடலோசையை விழுங்க வந்த மேரு டிவியின் பொது முகாமையாளர்தான் ஸ்ரீஸ்கந்தராஜா. மேருவின் தலைமையகம் ஹவுன்ஸ்லோவில். பணம் போட்டவர்கள் கடலுக்கு அப்பால், கனடாவில். மேரு முதலில் கிழக்கு லண்டனில் ஒரு தமிழ்ச் சனலை வாங்கியது. பிறகு சவுத்தாலில் ஒன்றை. ஒவ்வொரு தடவையும், "பேரும் மாறாது, ஆக்களும் மாறாயினம்" என்று சொல்லித்தான் வாங்கியது. ஒவ்வொரு தடவையும் முதலில் ஆட்கள் போனார்கள். பெயர் மட்டும் திரையின் மூலையில் ஒரு சின்னமாகத் தங்கியது. எந்தச் சனலைத் திருப்பினாலும் ஒரே செய்தி, ஒரே வாசிப்பாளர், ஒரே சிரிப்பு.

இப்போது கடலோசையின் முறை. அதைத் தொடங்கி நடத்திய ஆனந்தராஜா கையெழுத்துப் போட்டுவிட்டார். கூட்டத்தில் ஒரு மூலையில், தன் சொந்த அலுவலகத்துக்கு விருந்தாளியாக வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

அந்த அறையில் எல்லோர் கையிலும் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு முன்னால் மட்டும் வெறும் மேசை. நம்மவர்கள் மத்தியில் கடன்காரன் வந்தாலும் தேத்தண்ணி கொடுப்பார்கள், கல்யாணத்தைக் குழப்பியவன் வந்தாலும் கொடுப்பார்கள். கொடுக்காமல் விட்டால் அது வாய் திறந்து ஏசுவதைவிடப் பெரிய ஏச்சு. அவர் அதைக் கவனித்தார். கவனியாதவர் மாதிரி இருந்தார்.

"செய்தி இனி ஹவுன்ஸ்லோவிலையிருந்து போகும். மரண அறிவித்தலும் அங்கையிருந்துதான். ஆறு பேருக்கு அங்கை வேலை இருக்கு. மற்றவைக்குச் சட்டப்படி குடுக்க வேண்டியதைக் குடுப்பம்."

"அந்த ஆறு பேர் ஆர் எண்டு முடிவெடுத்திட்டியளோ, அல்லது சீட்டுக் குலுக்கப் போறியளோ?" என்று கேட்டார் பெனிற்றா. கடலோசையின் ஒலி, ஒளி, ஒளிபரப்பு மேசை எல்லாம் பெனிற்றாதான்.

"திறமை இருக்கிற ஆக்களை எடுப்பம்."

"அப்ப உங்களை எப்பிடி எடுத்தவை, அண்ணை?"

ஒருவர் இருமுகிற சாட்டில் சிரித்தார். ஸ்ரீஸ்கந்தராஜாவின் காது சிவந்தது. அவர் பெனிற்றாவை விட்டுவிட்டு, யன்னலோரம் இருந்த கனகாம்பிகையைப் பார்த்தார். அவர் வந்ததே அந்த ஒரு ஆளுக்காகத்தான் என்று சொன்னாலும் பிழையில்லை.

"இன்னொண்டு. அறிவித்தல் முடிய நீங்கள் கடைசியா வாசிக்கிற அந்தப் பேர். அது இனி இல்லை."

கனகாம்பிகை கோப்பையைக் கீழே வைத்தார்.

கடலோசையில் தினமும் மாலை ஆறு மணிக்கு மரண அறிவித்தல். படம், பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த இடம், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு மைத்துனர் என்று உறவு முழுவதையும் ஒன்றுவிடாமல் வாசிப்பார் கனகாம்பிகை. வாசித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கமராவைப் பார்ப்பார். "கடைசியாக ஒரு பெயர்," என்பார். "இவருக்காக அறிவித்தல் தர ஒருவரும் இல்லை. நேரமும் மனமும் உள்ளவர்கள் போய் வழியனுப்பி வையுங்கள்." பிறகு பெயரும் தகனசாலையும் நேரமும். ஈமச்சேவை நடத்தும் விஜயரத்தினம் என்பவர் தொலைபேசியில் சொல்லும் பெயர்கள் அவை. ஆஸ்பத்திரியிலோ வாடகை அறையிலோ தனியே இறந்து, உள்ளூராட்சிக் கவுன்சில் பொறுப்பில் எரிக்கப்படுகிறவர்கள். மகள் கேட்ட கேள்விக்குக் கனகாம்பிகை கண்டுபிடித்த பதில் அது. கேட்டுவிட்டு யாராவது போவார்கள். நாலு பேர், ஐந்து பேர். ஒருமுறை ஒரு கோயில் பஜனைக் குழுவே போனது.

"ஏன் இல்லை?" என்று கேட்டார் கனகாம்பிகை.

"மேருவிலை ஒரு முறை இருக்கு. குடும்பம் எழுத்திலை சம்மதம் தந்தால்தான் பேர் போகும்."

"குடும்பமே இல்லாத ஆளுக்கு அந்தச் சம்மதத்தை எங்கை போய் எடுக்கிறது, அண்ணை? மேலை போயோ?" என்றார் பெனிற்றா.

இம்முறை யாரும் இருமிச் சமாளிக்கவில்லை. வெளிப்படையாகவே சிரித்தார்கள். அப்போதுதான் கனகாம்பிகை அந்தப் பழைய கேள்வியைச் சொன்னார். மகள் கேட்டது, மழை, குடை எல்லாம். அவர் அதை ஒரு பிரார்த்தனையைச் சொல்வதுபோலச் சொன்னார். ஸ்ரீஸ்கந்தராஜா அதற்குச் சொன்ன பதிலைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"குடும்பம் இருக்கிற ஆளையே ஆருமில்லாத ஆள் எண்டு ஊர் முழுக்க வாசிச்ச வாய்தானே உது. உங்கடை புண்ணியம் எங்களுக்குத் தெரியும்."

அறை அடங்கிவிட்டது. கனகாம்பிகையின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போய் நின்றது.

எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலை, கடைசிப் பெயராகக் கனகாம்பிகை வாசித்தது ஜெயஸ்கந்தராஜா என்ற பெயரை. ஸ்ரீஸ்கந்தராஜாவின் கூடப்பிறந்த அண்ணன். தம்பியை லண்டனுக்குக் கூப்பிட்டுவிட்டு, தன் அறையில் தன் போர்வையைக் கொடுத்துப் படுக்கவைத்தவர். பிறகு ஒரு கோயில் நிர்வாக சபைத் தேர்தல் வந்தது. தம்பி தலைவர் பதவிக்கு நின்றார். அண்ணன் மற்றப் பக்கத்துக்குக் கை உயர்த்தினார். அவ்வளவுதான். கடவுளுக்குச் சேவை செய்யும் போட்டியில் இரண்டு சகோதரர் பத்து வருடத்துக்கு மேல் முகம் பாராமல் போனார்கள். அண்ணன் கல்யாணம் கட்டாதவர். ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோது, "எனக்கு ஆருமில்லை," என்று அவரே சொல்லியிருந்தார். தாதி கவுன்சிலுக்குச் சொல்ல, கவுன்சில் விஜயரத்தினத்துக்குச் சொல்ல, அது கனகாம்பிகையிடம் வந்தது.

அன்று மாலை ஸ்ரீஸ்கந்தராஜாவின் தொலைபேசி ஓயவில்லை. "உம்மடை கொண்ணற்றை பேர் டிவியிலை போகுது, ஆருமில்லாத ஆள் எண்டு." ஒவ்வொரு குரலிலும் ஒரு சின்ன ருசி இருந்தது. மனைவி நிர்மலா, "வெளிக்கிடுங்கோவன், போய் ஒரு பிடி அரிசி போட்டிட்டு வருவம்," என்று கெஞ்சினார். அவர் போகவில்லை. போனால் தன்னை எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைத்தார். அவமானம் தந்தவர் அண்ணன் அல்ல, அந்தப் பெயரை வாசித்த பெண் என்று மனதில் ஒரு முடிவெடுத்துக்கொண்டார். குற்றத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது கடினம். அதைக் கொண்டுபோய் வைக்க ஓர் ஆள் கிடைத்தால் மனிதனுக்கு எவ்வளவு ஆறுதல்!

கூட்டம் முடிந்து படியிறங்கும்போதே அவர் ஹவுன்ஸ்லோவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒளிபரப்பு இணைப்பை வெள்ளிக்கிழமை ஆறு மணி அறிவித்தல் முடிந்த பிறகு ஹவுன்ஸ்லோவுக்கு மாற்றுவதாக ஒப்பந்தம்.

"மத்தியானமே மாத்துங்கோ," என்றார். "விட்டால் ஆறு மணிக்கு நிண்டு கொண்டு எல்லாரும் ஒப்பாரி வைப்பினம். மேருவைத் திட்டுவினம். அதுக்கு நான் இடம் குடுக்கேலாது. இஞ்சை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே மேருவின் ஆட்கள் வந்து சாமான் கட்டத் தொடங்கினார்கள். முதலில் போனது முன்னறையில் எந்நேரமும் கடலோசை ஓடிக்கொண்டிருந்த டிவிப் பெட்டி. தொலைபேசி இலக்கங்கள் ஹவுன்ஸ்லோவுக்குத் திருப்பப்பட்டன. மத்தியானம் இணைப்பு மாறியபோது கிங்ஸ்பரியில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெனிற்றாவின் மேசையில் தெரிவது ஸ்டூடியோவிலிருந்து வெளியே அனுப்புகிற படம்தான். அது போய்ச் சேருகிறதா என்று பார்க்க இருந்த ஒரே பெட்டி லொறியில் ஏறிவிட்டது.

ஸ்ரீஸ்கந்தராஜா நாற்காலி நாற்காலியாக எண்ணிக்கொண்டு நின்றார். ஆனந்தராஜா சுவரிலிருந்து ஒரு பிள்ளையார் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இதுவும் உங்கடை கணக்கிலை வருமோ, ஸ்ரீ? அல்லது நான் கொண்டு போகலாமோ?"

"கொண்டு போங்கோ."

"பெரிய மனசு."

"விக்கேக்கை யோசிச்சிருக்க வேணும், ஆனந்தண்ணை. காசை வாங்கினது நானில்லை."

ஆனந்தராஜா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார். உண்மையைச் சொல்லி ஒருவனை அடிப்பது மிகச் சுலபம்.

நாலு மணி போல மாடிப்படியில் புதிய காலடி கேட்டது. வந்தவருக்கு முப்பத்தைந்து, நாற்பது வயதிருக்கும். முதுகில் கணினிப் பை, கழுத்தில் ஓர் அலுவலக அடையாள அட்டை.

"சார், இங்க கனகாம்பிகை மேடம் இருக்காங்களா? என் பேர் குருமூர்த்தி. ஹவுன்ஸ்லோலேர்ந்து வரேன்."

"என்ன விசயம்?"

"போன் பண்ணினேன் சார். அது எங்கயோ போகுது, அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல. அதான் நேர்லயே வந்துட்டேன். அந்தக் கடைசிப் பேர் இனிமே வராதுன்னு சொல்றாங்களே, நிஜமா?"

"உங்களுக்கு அதிலை என்ன? நீங்கள் இந்தியா ஆள்தானே?"

"ஆமா சார், தஞ்சாவூர்."

"எங்கடை ஆக்களின்ரை செத்த வீட்டிலை உங்களுக்கு என்ன வேலை?"

குரல் உயர்ந்ததைக் கேட்டு உள்ளேயிருந்து கனகாம்பிகை வந்தார். பின்னால் பெனிற்றா. குருமூர்த்தி கோபப்படவில்லை. பையை இறக்கிக் காலடியில் வைத்தார்.

"கொரோனாவுல எங்கப்பா போயிட்டாரு சார். பிளைட் இல்ல. நான் இங்க சமையல்கட்டுல நின்னுக்கிட்டு போன்ல பார்த்தேன். என் சித்தப்பா பையன் கொள்ளி வச்சான். நடுவுல சிக்னல் போச்சு. திரும்ப வந்தப்ப முடிஞ்சிருச்சு." கழுத்து அட்டையைத் திருப்பிவிட்டார். "எங்க வீட்ல ராஜிக்கு உங்க சீரியல் பிடிக்கும். அதுக்கப்புறம் இந்த அறிவித்தல் வரும். ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே கேட்டேன். மேடம் ஒரு பேர் சொன்னாங்க. தகனம் எங்க வீட்லேர்ந்து பக்கம். சரி, போய்ப் பார்ப்போம்னு லீவ் போட்டுட்டுப் போனேன்."

"எந்தப் பேர்?" என்று கேட்டார் பெனிற்றா. கேட்ட பிறகுதான் கனகாம்பிகையின் முகத்தைப் பார்த்தார்.

"ஜெயஸ்கந்தராஜான்னு ஒரு பெரியவர். ரெண்டு வருஷம் இருக்கும். நான் போனப்ப இன்னும் மூணு பேர் இருந்தாங்க, எல்லாருமே அறிவித்தல் கேட்டு வந்தவங்கதான். பட்டனை யாரு அழுத்தறதுன்னு கேட்டாங்க. நான் எங்கப்பாவுக்குச் செய்யலன்னு சொன்னேன். அப்ப நீயே செய்யின்னுட்டாங்க." அவர் லேசாகச் சிரித்தார். "யாருன்னே தெரியாது சார் அவர். ஆனா அன்னிக்கு ராத்திரிதான் நான் நல்லாத் தூங்கினேன். அவருக்கு நான் எதுவும் பண்ணல. அவர்தான் எனக்குப் பண்ணினாரு."

ஸ்ரீஸ்கந்தராஜா கையிலிருந்த பேனையை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். அறையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அவர் யாரென்று தெரியும். குருமூர்த்திக்கு மட்டும் தெரியாது. ஒரு சொல் போதும். "இவர்தான் அவற்றை தம்பி," என்று கனகாம்பிகை சொன்னால் போதும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் வாங்கிய அடிக்கு அது சரியாகப் போயிருக்கும். ஸ்ரீஸ்கந்தராஜா அந்தச் சொல்லை எதிர்பார்த்து நின்றார். தான் அந்த இடத்தில் இருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார் என்பதால் எதிர்பார்த்தார்.

பெனிற்றா வாயைத் திறந்தார். கனகாம்பிகை அவருடைய மணிக்கட்டை மெல்லப் பிடித்தார்.

"தம்பி, இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள். இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் திரும்பினார். தட்டில் இரண்டு கோப்பை. ஒன்றைக் குருமூர்த்தியிடம் கொடுத்தார். மற்றதை ஸ்ரீஸ்கந்தராஜாவின் முன்னால், அவர் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்த பெட்டியின்மேல் வைத்தார்.

"சீனி போட்டிருக்கு," என்றார். அவர் முகத்தில் நட்பு இல்லை. ஆனாலும் வைத்தார்.

அந்தத் தேத்தண்ணியைக் குடிப்பது ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அன்று செய்த வேலைகளிலேயே கடினமான வேலையாக இருந்தது.

குருமூர்த்தி விடைபெற்றுப் போய்விட்டார். ஆறு மணிக்கு ஸ்டூடியோவில் விளக்குகள் எரிந்தன. கனகாம்பிகை நெற்றித் திருநீற்றைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆனந்தராஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பெனிற்றா மேசையில் இருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அப்போதுதான் அது நெஞ்சில் உறைத்தது. மத்தியானத்திலிருந்து கடலோசை எங்கேயும் தெரியவில்லை.

அவர் படிக்கட்டுக்கு ஓடிப்போய் ஹவுன்ஸ்லோவுக்கு எடுத்தார். தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பான கிரண் எடுத்தான்.

"கிரண், அந்த லைனைத் திருப்பி மாத்தேலுமோ? ஒரு கால் மணித்தியாலத்துக்கு?"

"ஏலாது அண்ணை. சற்றலைட்காரர் திங்கக்கிழமைதான் வருவினம். யூடியூப்பும் அதே லைன்தான்."

"இப்ப அதிலை என்ன போகுது?"

"நகைக்கடை விளம்பரம்."

"சரி, எங்கடை அறிவித்தலிலை ஒரு பேரைச் சேர்த்து விடு. நான் சொல்லுறன்."

"குடும்பத்தின்ரை சம்மதம் இருக்கோ அண்ணை? அது இல்லாமல் ஒண்டும் போடக்கூடாது எண்டு நீங்கள்தானே மெயில் போட்டனீங்கள்." கிரண் குரலைத் தாழ்த்தினான். "ஏன், உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை, ஆனாலும் போடு என்று அதட்டியிருக்கலாம். அந்தப் பதவி அவருக்கு இருந்தது. ஆனால் ஒரு நல்ல காரியத்தை முதல்முறை செய்யப் போகிறவனுக்கு, ஏன் என்று ஒருவர் கேட்டால் நாக்கு எழுவதில்லை. அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது கனகாம்பிகை அன்றைய அறிவித்தல்களை முடித்திருந்தார். தாளைக் கவிழ்த்து வைத்தார். மேருவைத் திட்டவில்லை. ஒப்பாரி வைக்கவில்லை. விடைபெறக்கூட இல்லை.

"கடைசியாக ஒரு பெயர்," என்றார். "இளையதம்பி தர்மகுலசிங்கம். விமான நிலையத்தில் துப்புரவுப் பணி செய்தவர். கடைசியாக ஹவுன்ஸ்லோவில் வசித்தவர். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தகனம். இவருக்காக அறிவித்தல் தர ஒருவரும் இல்லை. நேரமும் மனமும் உள்ளவர்கள் போய் வழியனுப்பி வையுங்கள்."

தகனசாலையின் பெயரையும் சொன்னார். கைகூப்பினார். பெனிற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

"கேட்டிருப்பினம், என்ன?" என்று வெளியே வந்த கனகாம்பிகை ஆனந்தராஜாவிடம் கேட்டார். "கடைசி நாள் எண்டு கனபேர் பாத்துக்கொண்டிருந்திருப்பினம்."

"ஓம், ஓம். எல்லாரும் பாத்திருப்பினம்," என்றார் ஆனந்தராஜா.

அது ஒரு வீட்டுக்கும் போகவில்லை என்று ஸ்ரீஸ்கந்தராஜா சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் நினைத்தார். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். எந்தக் காரணத்தால் கடைசியில் பேசாமல் இருந்தார் என்று அவருக்கே தெரியாது. தர்மகுலசிங்கம் என்ற பெயரை அன்று மாலை கேட்டவர்கள், வாசித்தவரோடு சேர்த்து, இந்த உலகத்தில் நாலு பேர்தான். அதில் மூன்று பேர், வேறு யாராவது போவார்கள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்துக்குப் போகிறேன் என்றுதான் நிர்மலாவிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். தூறல். கவுன்சில் எடுக்கிற தகனத்துக்கு எப்போதும் முதல் நேரம்தான் கிடைக்கும். ஊர் எழும்புவதற்கு முன் முடிந்துவிடும். தகனசாலை வாசலில் கறுப்புக் கோட்டோடு ஒருவர் வெளிவாசற் படலையைப் பார்த்தபடி நின்றார். அவர்தான் ஈமச்சேவை விஜயரத்தினம்.

"தர்மகுலசிங்கத்தின்ரை சொந்தமோ?"

"இல்லை. டிவியிலை கேட்டனான்."

"அப்பிடியோ! வாங்கோ, வாங்கோ. கடலோசையிலை போனதெண்டால் ஒரு நாலு பேராவது வருவினம். இண்டைக்கு ஒருத்தரையும் காணேல்லையே எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். மழை எண்டு நிண்டிட்டினம் போலை."

ஸ்ரீஸ்கந்தராஜா தரையைப் பார்த்தார்.

"இனி எப்பிடியோ தெரியேல்லை," என்று விஜயரத்தினம் தொடர்ந்தார். "அந்த நம்பருக்கு அடிச்சால் ஆரோ ஒரு பிள்ளை எடுத்து, விளம்பரப் பகுதிக்குக் கதையுங்கோ எண்டுது. இனி உப்பிடி ஒரு பேர் வந்தால் நான் ஆருக்குச் சொல்லுறது?"

ஸ்ரீஸ்கந்தராஜா தன் கைத்தொலைபேசி இலக்கத்தை மெதுவாகச் சொன்னார். "இதுக்கு எடுங்கோ."

"இது ஆற்றை நம்பர்?"

"எடுங்கோ. டிவியிலை போக நான் பாத்துக்கொள்ளுறன்."

விஜயரத்தினம் இலக்கத்தைத் தன் தொலைபேசியில் பதிந்துகொண்டார். கேட்க வந்ததை விழுங்கிவிட்டு உள்ளே கூட்டிப்போனார். நூறு பேர் இருக்கக்கூடிய மண்டபம் வெறுமையாக இருந்தது. பெட்டி திறந்திருந்தது. வெள்ளைத் தாடி, வாரிய தலை. யாரோ அக்கறையாக வாரிவிட்டிருந்தார்கள். விஜயரத்தினம் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே அரிசி.

"நான் எப்பவும் கொண்டு வாறனான்," என்றார். "சிலவேளை ஆராவது கேப்பினம்."

ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு பிடி எடுத்தார். விரலிடுக்கால் பாதி வழியில் கொட்டுப்பட்டது. மிச்சத்தை அந்த முன்பின் தெரியாத மனிதனின் உதடுகளில் மெல்லப் போட்டார்.

விஜயரத்தினம் பெட்டியை மூடினார். முன்னால் இருந்த மேசையில் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டினார். அதற்குள் வெளியே அடுத்த வண்டி வந்து நிற்கும் சத்தம்.

"நான் போய் அவைக்கு ஒரு கையெழுத்து வைச்சிட்டு வாறன். நீங்கள் ஆறுதலாச் செய்யுங்கோ," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மண்டபத்தில் அவர் மட்டும். பட்டன் சின்னதாக, பச்சையாக இருந்தது. தாயும் தகப்பனும் ஊரிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் என்பதால், இத்தனை வருட லண்டன் வாழ்க்கையில் அவர் அதை ஒருநாளும் தொட்டதில்லை.

"அண்ணை," என்றார். அழுத்தினார்.

திரை இரண்டு பக்கமும் அசைந்து, மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது. ஒருதரம் அழுத்தினால் போதும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. திரை முழுவதும் மூடும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.